ஊசி ஏறிய பத்து நிமிடம்

பாய்,

மதியம் மூன்று மணியிலிருந்து பாரோமீட்டர் ஊசி அடியிலேயே கிடக்கிறது. இப்போது நாலேகால். எழுந்து போய்க் கண்ணாடியை நகத்தால் இரண்டு தட்டுத் தட்டினேன், நீங்கள் தட்டுகிற மாதிரியே. கொஞ்சம் நடுங்கி, ஒரு மயிரிழை கீழே போய் நின்றது. வெளியே இலை அசையவில்லை. எதிர்வீட்டுக் கொடியில் காயும் சேலை ஆணி அடித்த மாதிரி தொங்குகிறது. தார் ரோட்டின் வாடையும், வேர்வையில் ஊறிய என் சட்டையும், இந்தப் பித்தளை விளிம்பில் தடவி வைத்த எண்ணெயின் வாசமும் சேர்ந்து என்னை உட்கார விடவில்லை. இதே போன்ற ஒரு சித்திரை மாதச் சாயங்காலத்தில்தான் நீங்கள் போனீர்கள். இரண்டு வருடம் ஆகிவிட்டது. சொல்ல வேண்டியதை உங்களிடம் சொல்லாமலே இருக்கிறேன். வேறு வழி தெரியாமல் பேனாவை எடுத்தேன்.

இன்று இந்தச் சரவணம்பட்டியிலேயே, என் வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர்கூட இல்லாத மைதானத்தில், உங்கள் மகள் நஸ்ரின் பந்தல் போட்டிருக்கிறாள். அவள் தனியாக எடுத்துச் செய்கிற முதல் பந்தல். என்னைக் கூப்பிடவில்லை. போனில் அவள் போட்டிருந்த படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். வெள்ளையும் நீலமுமாக உங்கள் பழைய பந்தல் மேல்துணிதான். இந்த ஊசியையும் அந்தப் படத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இந்தக் கருவியை வாங்கிய கதை உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன், அங்கிருந்துதான் என் தப்பும் தொடங்குகிறது. உக்கடத்தில் ஒரு பழைய சாமான் கடையில், மூடிப்போன மில் ஒன்றின் ஆபீஸ் நாற்காலிகளுக்கு அடியில் கிடந்தது. கடிகாரம், ஒரு முள் விழுந்துவிட்டது என்றார் கடைக்காரர். ஐ.டி.ஐ.யில் கருவிகள் பற்றிப் படித்தவன் என்பதால் திருப்பிப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. உள்ளே காற்றை உறிஞ்சி எடுத்துவிட்ட ஒரு சின்ன டப்பி. வெளிக்காற்றின் அழுத்தம் கூடினால் டப்பி நசுங்கும், குறைந்தால் உப்பும். அந்த அசைவை ஊசி காட்டும். அழுத்தம் குறைந்தால் மழை, கூடினால் நல்ல வானம் என்று முகத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

முதல் ஒரு வாரம் ஊசி மழையை விட்டு நகரவே இல்லை. வெளியே மண்டை பிளக்கிற வெயில். நீங்கள் வந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க மைக்செட்டு, இது எந்த ஊரு மழைங்க? நம்மூருல ஒரு தூத்தல்கூட காணமே" என்றீர்கள். நம் ஊர் கடல் மட்டத்தைவிட மேட்டில் இருக்கிறது, மேட்டுக்குப் போகப் போக நம் தலைக்கு மேலுள்ள காற்று குறைவு, அதனால் அழுத்தமும் குறைவு என்று விளக்கிவிட்டு, பின்னாலிருந்த திருகைத் திருப்பி ஊசியை நடுவுக்குக் கொண்டுவந்தேன். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். "அப்ப ஊசி சொல்றத நீங்க கேக்கறதில்லீங்க. நீங்க சொல்றதத்தான் ஊசி கேக்குது." அன்றைக்கு நானும் சிரித்தேன்.

உங்களுக்குப் பந்தல், எனக்கு மைக்கும் லைட்டும். கோட்டைமேட்டில் உங்கள் குடோன். அதற்கு எதிரே என் ஜெனரேட்டர் வண்டி நிற்கும். முப்பது வருடத்தில் எத்தனை கல்யாணம், எத்தனை காதுகுத்து, எத்தனை கோயில் நோம்பி, எத்தனை கட்சிக்கூட்டம்! நோன்பு நாளில்கூடக் கம்பி ஊன்றிக்கொண்டிருப்பீர்கள். உங்களுக்காக நான் தண்ணீர் குடிக்க வண்டிக்குப் பின்னால் ஒதுங்குவேன். "குடிங்க மைக்செட்டு, எனக்காக நீங்க எதுக்குங்க காயறீங்க" என்று அங்கேயும் வந்து சொல்வீர்கள். என் பெயரை நீங்கள் சொல்லி நான் கேட்டதே இல்லை. மைக்செட்டு என்றால் நான்தான்.

காற்றைப் பற்றிப் புத்தகத்தில் படித்தவன் நான். அதைப் புரிந்து வைத்திருந்தவர் நீங்கள். ஆனைமலைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் ஆனி மாதக் கல்யாணம் நினைவிருக்கிறதா? மேற்கிலிருந்து பேய்க்காற்று. இலையில் பரிமாறிய அப்பளம் பறந்து அடுத்த வரிசைக்காரர் மடியில் விழுந்தது. மாப்பிள்ளையின் மாமா ஒருவர் கைகழுவிக்கொண்டே உங்களைக் கேட்டார், "ஏனுங்க பாய், இத்தன காத்து எங்கிருந்துதானுங்க வருது?"

நீங்கள் பந்தியைக் காட்டினீர்கள். அப்போதுதான் ஒரு பந்தி முடிந்து சனம் எழுந்துகொண்டிருந்தது. வாசலில் காத்திருந்தவர்கள் முட்டி மோதி உள்ளே வந்தார்கள்.

"அதப் பாத்தீங்களா? யாராச்சும் கூப்புட்டாங்களா? இல்லீங்க. உள்ள எடம் காலி, வெளிய நெரிசல், அதான் இடிச்சுட்டு வர்றாங்க. காத்தும் அதேதானுங்க. நம்ம காடு பூராவும் வெயில்ல காஞ்சு, காத்து லேசாகி மேல போயிருது. எடம் காலி. மலைக்கு அந்தாண்ட கடல்காத்து குளுந்து கனமா நிக்குது. நடுவால வாசல் ஒண்ணே ஒண்ணு, பாலக்காட்டுக் கணவாய். அந்த வாசல்ல இடிச்சுட்டு உள்ள வருது."

அழுத்தம் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குக் காற்று ஓடும் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான். அந்தக் காற்று பசியோடு வாசலில் நிற்கிறது என்பதை உங்கள் வாயால்தான் கேட்டேன்.

அந்தக் காற்றுக்கு ஏற்றபடிதான் நீங்கள் பந்தல் போடுவீர்கள். மேற்கே அடை, கிழக்கே விடு. கணவாய்க் காற்று வருகிற பக்கம் தகரம் கட்டி அடைப்பு, எதிர்ப்பக்கம் திறந்த வாசல். "காத்து கூரையத் தள்ளாதுங்க, தூக்கும். உள்ள பூந்தது வெளிய போக வழியில்லீன்னா எல்லாத்தையும் தூக்கிட்டுத்தான் போகும்" என்பீர்கள். மேல்துணியின் ஒவ்வொரு கட்டிலும் உருவு முடிச்சுத்தான். நுனியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் அவிழ்ந்து, துணி தரைக்கு வந்துவிடும். வேலைக்கு வரும் ஆட்கள் அவசரத்தில் இறுக்கி முடிச்சுப் போட்டால் உங்களுக்குக் கெட்ட கோபம் வரும். "துணி போனாப் போகட்டும். காலு நிக்கோணும். காத்துகிட்ட ரோசம் காட்டக் கூடாதுங்க."

என் பங்குக்கு நான் ஒரு நோட்டுப் போட்டேன். தினமும் ஊசியைப் பார்த்து எழுதினேன். ஒரு வருடத்தில் ஒன்று பிடிபட்டது. மழை, வெயில் எதுவானாலும் காலை பத்து மணிவாக்கில் ஊசி கொஞ்சம் மேலே இருக்கும், மாலை நாலு மணிவாக்கில் கொஞ்சம் கீழே இருக்கும். பிறகு மெதுவாக ஏறும். கடலுக்கு ஏற்றவற்றம் இருப்பது போலக் காற்றுக்கும் தினப்படி ஒன்று உண்டு. இதைக் கண்டுபிடித்தவனே நான்தான் என்கிற மிதப்பில் உங்களிடம் சொன்னேன். "நாலு மணிக்கு எறங்குனாப் பயப்படாதீங்க பாய். அது தெனமும் நடக்கறது. அதுக்கும் கீழ போனாத்தான் நாம பயப்படோணும்." நீங்கள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டீர்கள். அன்றிலிருந்து எந்த விசேசத்துக்குப் போனாலும், துணி ஏற்றி முடித்ததும் என் வண்டிக்கு வந்து கண்ணாடியை இரண்டு தட்டுத் தட்டி, "என்னங்க சொல்லுது?" என்று கேட்பீர்கள். ஊசியை நீங்கள் பார்க்க மாட்டீர்கள். என் முகத்தைத்தான் பார்ப்பீர்கள்.

அவிநாசியில் அன்றைக்கு நடந்ததற்கு வருகிறேன்.

ஊருக்குக் கொஞ்சம் வெளியே, பெண் வீட்டை ஒட்டிய காலி நிலத்தில் கல்யாண வரவேற்புப் பந்தல். பெண்ணின் அப்பா ஆசைப்பட்டார் என்று துணியின் ஓரம் முழுக்க நான் சீரியல் லைட் கட்டியிருந்தேன். இரண்டு நாள் வேலை. தூரத்திலிருந்து பார்த்தால் பந்தலே ஒரு கிரீடம் மாதிரி மின்னும். என் வாழ்நாளில் அவ்வளவு அழகாக நான் கட்டியதில்லை, அந்தக் கர்வமும் இருந்தது. காலையிலிருந்து புழுக்கம். நாலு மணிக்கு ஊசி வழக்கத்தைவிடக் கீழே இருந்தது. அதை மறைக்கவில்லை. "கொஞ்சம் கீழதானுங்க இருக்குது பாய்" என்றேன். கிழக்கே மேகம் திரண்டு, அடிப்பாகம் கருத்துக்கொண்டு வந்தது. மேற்குக் காற்று சுத்தமாக நின்றுவிட்டது.

நாலே முக்காலுக்கு நீங்கள் சொன்னீர்கள், வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது: "எனக்குப் புடிக்கலீங்க. சித்திரைக் காத்துக்குத் தெசை கெடையாது. நம்ம வாசல் கிழக்க தொறந்து கெடக்குது. துணிய எறக்கிரலாமுங்க. மழ போயிருச்சுன்னா அரை மணி நேரத்துல ஏத்திக்கலாம்."

பெண்ணின் அப்பா பக்கத்தில்தான் நின்றார். "பாய், ஆறு மணிக்குச் சனம் வந்துருமுங்க. வந்தவங்க வெறும் கம்பியவா பாப்பாங்க?" என்றார்.

நீங்கள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தீர்கள்.

துணியை இறக்கினால் என் லைட் அத்தனையும் அவிழ்க்க வேண்டும். அரை மணியில் துணி மேலே போய்விடும், லைட் போகாது. அன்றைக்குப் பந்தல் இருட்டாகத்தான் நிற்கும். இது என் மனதில் ஓடியது. ஓடவில்லை என்று இரண்டு வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன், அது பொய். வண்டிக்குப் போய்க் கண்ணாடியைத் தட்டினேன். நாலு நாற்பதுக்குப் பார்த்தபோது அடியில் கிடந்த ஊசி, நாலு ஐம்பதுக்கு ஒரு கோடு மேலே ஏறியிருந்தது.

தினப்படி ஏற்றத்தில் ஒரு கோடு ஏற இரண்டு மணி நேரமாவது ஆகும். இது பத்தே நிமிடத்தில் ஏறியிருந்தது. என் நோட்டில் அப்படி ஒரு நாள்கூட இல்லை. அது எனக்குத் தெரிந்தது, பாய். தெரிந்துகொண்டேதான் திரும்பி வந்து உங்களிடம் சொன்னேன்.

"ஏறுதுங்க பாய். நாலு மணி எறக்கம் முடிஞ்சுது. மழ ஒதுங்கிருச்சுங்க."

"நெசமாலுமா?"

"நெசந்தானுங்க."

நீங்கள் மேகத்தை இன்னொரு முறை பார்த்தீர்கள். முப்பது வருடமாக என் முகத்தைப் பார்த்து நம்பியவர், அன்றைக்கும் நம்பினீர்கள்.

கொஞ்ச நேரத்தில் ஜில்லென்று ஒரு காற்று வந்தது. முன்கூட்டியே வந்து பந்தலுக்குள் புழுக்கத்தில் வெந்துகொண்டிருந்த சொந்தக்காரர் எல்லோருக்கும் சுகமாக இருந்தது. பெண்ணின் அப்பா "அப்பாடா" என்றுகூடச் சொன்னார். உங்கள் முகம் மட்டும் மாறியது. கிழக்கே ரோட்டுக்கு அப்பால் செம்மண் புழுதி ஒரு சுவராக எழும்பி வந்தது. "துணிய உடுங்க! துணிய உடுங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினீர்கள். காற்று திறந்த வாசலில் புகுந்தது, அடைத்த மேற்கில் முட்டியது, மேல்துணி உப்பிக்கொண்டு எழுந்தது. நீங்கள் ஒவ்வொரு முடிச்சாக உருவிக்கொண்டே போனீர்கள். உங்கள் முடிச்சுகள் ஒன்றுகூட ஏமாற்றவில்லை. மூன்று மூலையிலும் துணி விழுந்தது.

வடகிழக்கு மூலை விழவில்லை. அங்கேதான் என் லைட் வயர் எல்லாம் ஒன்றுசேர்ந்து கீழே இறங்கும். வயர் தொங்கினால் பார்க்க அசிங்கம் என்று, முடிச்சையும் சேர்த்து, வயர் கட்டுகிற பிளாஸ்டிக் டையால் இறுக்கியிருந்தேன். உங்கள் முடிச்சுக்கு ஓர் இழுப்புப் போதும். என் டையை வெட்டத்தான் வேண்டும்.

கத்தியை வாயில் கவ்விக்கொண்டு ஏணியில் ஏறினீர்கள். பாதியில் கத்தியை எடுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னீர்கள், "மைக்கப் புடிங்க! சனத்த வெளிய அனுப்புங்க!" நான் மைக்கைப் பிடித்தேன். "எல்லாரும் வெளிய போயிருங்க, கம்பிகிட்ட யாரும் நிக்காதீங்க" என்று நான் சொல்வது நாலு பக்க ஸ்பீக்கரிலும் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, அந்த மூலை ஏணியோடும் கம்பியோடும் உங்களோடும் மேலே எழுந்தது. பிறகு விழுந்தது.

நாலு பேருக்கு அடி பட்டது, பிழைத்துக்கொண்டார்கள். நீங்கள் ஆஸ்பத்திரி வரை வரவில்லை. உங்களை வண்டியில் ஏற்றும்போதுதான் மழை தொடங்கியது. அரை மணி நேரம் பெய்து ஓய்ந்துவிட்டது. இன்னும் ஓர் அரை மணியில், நீங்கள் சொன்ன மாதிரியே துணியை ஏற்றியிருக்கலாம்.

அந்த ஏற்றம் என்னவென்று பின்னால் தேடிப் படித்தேன். இடிமேகத்துக்குள் மழையோடு சேர்ந்து குளிர்ந்த காற்றும் கீழே விழுமாம். குளிர்ந்தது கனமானது. தரையில் மோதி நாலு பக்கமும் பரவும். அந்தக் கனம் கிட்டே வரும்போது ஊசி திடீரென்று மேலே போகுமாம். ஊசி ஒழுங்காகத்தான் சொல்லியிருக்கிறது. வாசலில் கூட்டம் வந்து நெரிக்கிறது என்று உங்கள் பாஷையிலேயே சொல்லியிருக்கிறது. நான்தான் அதை எனக்கு வேண்டியபடி திருப்பிக்கொண்டேன்.

மறுநாள் பேப்பரில் பந்தல்காரரின் அலட்சியம் என்று போட்டார்கள். விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம் பெண்ணின் அப்பா, "நாங்க துணிய எறக்கச் சொன்னோமுங்க, பாய்தான் கேக்கலை" என்றார். நான் பக்கத்தில் நின்றேன். அவர் சொன்னது பொய் என்று நான் வாய் திறந்தால், அடுத்த கேள்வி என்னிடம்தான் வரும். "காத்து திடீர்னு வந்துருச்சுங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் ஒரு பொய்யைச் சொன்னார், நான் அதற்கு நிழல் கொடுத்தேன். இரண்டு பேருக்கும் சௌகரியமாக இருந்தது. கெட்ட பெயர் எதிர்த்துப் பேச முடியாத உங்களுக்குப் போனது.

உங்கள் சந்தூக்குப் பெட்டியைத் தூக்கும்போது உங்கள் மைத்துனர் என்னைத் தேடிப் பிடித்து முன்பக்கம் நிறுத்தினார். "முப்பது வருசக் கூட்டாளி, நீங்க முன்னால புடிங்க" என்றார். கபர்ஸ்தான் வரைக்கும் தோள் மாற்றாமல் சுமந்தேன். எல்லோரும் அதைப் பாசம் என்று பேசிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் இந்தக் கருவியைப் பழைய வேட்டியில் சுற்றி பீரோ மேலே போட்டேன். நோட்டு அந்த நாளோடு நின்றது. தேதி மட்டும் எழுதியிருந்தேன், கீழே ஒன்றும் எழுதவில்லை. மைக்செட்டை விற்றுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். ஏன் என்று கேட்டவர்களிடம் முழங்கால் வலி என்றேன்.

போன மாதம் நஸ்ரின் வந்தாள். இங்கேதான் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. சனி, ஞாயிறில் உங்கள் குடோனைத் திறந்து, பழைய ஆட்களைக் கூட்டிக்கொண்டு தொழிலை மறுபடி தொடங்கப் போகிறேன் என்றாள். உங்கள் நெற்றி, உங்கள் மாதிரியே பேசும்போது கையை விரிக்கிறாள்.

"அத்தா செஞ்ச தப்ப நான் செய்ய மாட்டேனுங்க மாமா. துணிய எறக்கோணும்னா, யாரு குறுக்க நின்னாலும் எறக்கிருவேன். அம்மா ரெண்டு வருசமா அத்தாவத் திட்டிட்டுத்தான் இருக்குது. தொழுதுட்டு எந்திரிச்சாக்கூட அதே பேச்சுத்தான். 'அடம் புடிச்ச மனுசன், துணி பெருசா நாங்க பெருசா'ன்னு அழுகுது."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. "உங்கத்தா எறக்கலாம்னுதான் சொன்னாரு கண்ணு" என்றேன். சொல்ல ஆரம்பித்ததும் எல்லாம் வந்துவிட்டது. லைட், ஊசி, பிளாஸ்டிக் டை, விசாரணை எல்லாம். என் மனைவி காபி டம்ளரோடு சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். அவளுக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

நஸ்ரின் அழவில்லை. கத்தியிருந்தாலாவது தேவலை. "எவ்வளவு நேரத்துல ஏறுச்சுங்க?" என்று கேட்டாள்.

"பத்து நிமிசம்."

"அது சாதாரணமா ஏறறது இல்லைன்னு உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும் கண்ணு."

பீரோ மேலிருந்து மூட்டையை இறக்கி அவள் முன்னால் வைத்து, "இத நீ எடுத்துட்டுப் போயிரு அம்மணி" என்றேன். அவள் தொடவில்லை.

"வேண்டாமுங்க. உங்ககிட்டயே இருக்கட்டும். தெனமும் பாருங்க." செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள், "அம்மாகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்க வந்து சொல்லுங்க." காபி ஆடை கட்டிக் கிடந்தது. அன்றிலிருந்து தினமும் பார்க்கிறேன். உங்கள் வீட்டுக்குப் போகத்தான் கால் வரவில்லை. இரண்டு முறை உங்கள் வீட்டுக்குக் கிட்டே, உக்கடம் வரைக்கும் பஸ்ஸில் போய், இறங்காமல் அப்படியே திரும்பி வந்தேன்.

இதோ, இப்போது மணி ஐந்து அடிக்கப் பத்து நிமிடம். எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்து தட்டினேன்.

ஏறியிருக்கிறது, பாய். கால் மணி நேரம் முன்பு அடியில் கிடந்தது. இப்போது ஒரு கோடு மேலே நிற்கிறது. வெளியே இன்னும் இலை அசையவில்லை.

போனை எடுத்தேன், அவசரத்தில் நம்பர் தப்பாகப் போனது. மறுபடி போட்டேன். ஒரு மாதமாகப் பேசாதவள், முதல் மணியிலேயே எடுத்தாள்.

"துணிய எறக்கிரு கண்ணு! ஊசி ஏறுது! அன்னைக்கு ஏறுன மாதிரியே ஏறுது, உடனே எறக்கிரு!"

"மூணு மணிக்கே எறக்கியாச்சுங்க மாமா. உங்க ஊசிய நம்பி நான் பந்தல் போடலீங்க."

நல்லது என்று சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. அவள் போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் ஆட்கள் கம்பியைப் பிடித்துக் கத்துவது கேட்டது. பிறகு தணிந்த குரலில் சொன்னாள்.

"நீங்க கூப்புடறீங்களான்னுதான் பாத்துட்டிருந்தேன். அம்மா இங்கதான் இருக்குது. பந்தலப் பாக்கோணும்னு வந்துச்சு. வாரீங்களா?"

"வாரேன்" என்றேன்.

போனை வைக்கும்போது எதிர்வீட்டுச் சேலை ஒரு முறை அசைந்தது. ஜன்னலில் ஜில்லென்று காற்று அடிக்கிறது. புழுதி வருகிறது. இது ஓயக் காத்திருந்தால் மறுபடியும் போகாமல் இருந்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். நனைந்துகொண்டே போகிறேன்.

கிளம்புவதற்கு முன்னால் நோட்டை எடுத்தேன். அவிநாசித் தேதிக்குக் கீழே காலியாக விட்ட இடம் அப்படியே இருந்தது. எழுதிவிட்டேன், பாய். இந்த நோட்டைத்தான் சட்டைக்குள் செருகிக்கொண்டு உங்கள் வீட்டம்மாவிடம் போகிறேன். அவர் படிக்கட்டும். மூன்றே வரிதான்.

நாலு நாற்பது: ஊசி அடியில்.

நாலு ஐம்பது: ஒரு கோடு ஏற்றம். ஒதுங்கிவிட்டது என்று நான் பொய் சொன்னேன்.

அதற்கு முன்பே, நாலே முக்காலுக்கு, துணியை இறக்கிவிடலாம் என்று பாய் சொன்னார்.